நெல் தராசும் பந்தல் தண்ணீரும்

போன கிழமை எங்கள் பழைய பிரிவில் வேலை செய்யும் தாதி ஒருத்தி கைப்பேசியில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். இந்த வருடம் மரதன் ஓட்டத்துக்கு ஒரு கம்பனி நிறம் நிறமான பானங்களைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருக்கிறதாம். உப்பு வில்லை, புரதத் தூள் பக்கெற் என்று வேறு சாமான்களும் வந்திருக்கின்றனவாம். யாருக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்று கேட்டிருந்தாள். கடைசியில், "சேர், பென்சன் எடுத்திட்டு வீட்டில சும்மாதானே இருக்கிறீங்க, ரெண்டு வரி எழுதி அனுப்புங்க" என்று ஒரு குத்தும் குத்தியிருந்தாள்.

இரண்டு வரியில் எழுதப் பார்த்தேன். முடியவில்லை. என் விரல்களுக்கும் கைப்பேசி எழுத்துகளுக்கும் ஒத்துவராது என்பது ஒரு காரணம். மற்றது, இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. அவரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

தாதியர் பயிற்சி, இடமாற்றங்கள், யுத்த காலத்து வாட்டுகள், சுனாமி வந்த நாட்கள் எல்லாம் எனக்கும் உண்டு. அவற்றை என்னை விட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுக்குச் சில வருடங்கள் இருக்கும்போது என் முழங்கால் தேய்ந்து, இரவு வேலைக்கு உதவாதவன் ஆனேன். அப்போது ஆஸ்பத்திரியில் விளையாட்டு மருத்துவப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கினார்கள். நடக்க முடியாதவனை ஓட்டக்காரரைப் பார்க்க அனுப்பினார்கள். நம் நிர்வாகத்தின் நகைச்சுவை உணர்வை நான் அன்றுதான் அறிந்தேன்.

பிரிவின் பொறுப்பாளராக வந்தவர் டொக்டர் நஸ்மியா. ஓட்டமாவடியைச் சேர்ந்தவர். என்னை விட நன்றாக இளையவர், உருவத்திலும் சின்னவர். முதல் நாளே என்னை அண்ணன் என்று கூப்பிட்டார். கதிரை வேண்டும், மேசை வேண்டும், குளிரூட்டி வேண்டும் என்று எதுவும் கேட்கவில்லை. நல்ல தராசு ஒன்று வேண்டும் என்றார். களஞ்சியத்திலிருந்து குளியலறைத் தராசு ஒன்று வந்தது. வலக் காலை அழுத்தினால் ஒரு நிறை, இடக் காலை அழுத்தினால் இன்னொரு நிறை காட்டியது. டொக்டர் அதில் ஏறிப் பார்த்துவிட்டு, "இது நமக்கு என்ன விருப்பமோ அதைச் சொல்லுது அண்ணன்" என்று சொல்லி, திருப்பி அனுப்பிவிட்டார்.

அவருடைய மாமா ஊரில் நெல் வாங்கி விற்பவர். அடுத்த கிழமை அவருடைய கடையிலிருந்து, நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்று லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறி வந்து எங்கள் வாசலில் இறங்கியது. ஓட்டக்காரர்கள், உதைபந்தாட்டக்காரர்கள், தோணி வலிப்பவர்கள் எல்லாரும் அதில் வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். ஒல்லியாக யாராவது ஏறினால், சின்ன மணி நெல்லின் பேரைச் சொல்லி, "இது கீரிச்சம்பா" என்பான் பக்கத்தில் நிற்பவன். தொந்தி உள்ள பயிற்றுநர் ஏறினால் "ஈரம் காயல்ல, காயவச்சுக் கொண்டாங்க" என்று நான் சொல்வேன். ஆனால் அந்தத் தராசு ஒருநாளும் பொய் சொல்லியதில்லை. நெல் வியாபாரியின் தராசு பொய் சொல்லாது என்று நான் எழுதுவதை வயல் செய்யும் வட்டைக்காரர்கள் நம்ப மாட்டார்கள். இது மாமா மருமகளுக்குக் கொடுத்த தராசு.

டொக்டரின் முறை இதுதான். பயிற்சிக்கு முன் சலம் கழித்துவிட்டு வந்து, மெல்லிய உடுப்போடு நிறுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, நனைந்த உடுப்பை மாற்றி மறுபடி நிறுக்க வேண்டும். இடையில் எவ்வளவு குடித்தாய் என்று கேட்பார். குறைந்த நிறையும் குடித்த தண்ணீரும் சேர்ந்தால் அவன் சிந்திய வியர்வை. சிலர் ஒரு மணித்தியாலத்தில் குடம் கவிழ்ந்தது போல் வியர்ப்பார்கள். சிலருக்கு நெற்றிதான் நனையும். கறுப்புப் பனியன் போட்டு வரச் சொல்வார். காய்ந்த பிறகு அதில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், வெயிலில் நீண்ட நேரம் ஓடும் நாட்களில் இவருக்கு உப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பார். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கெற்றோ, உப்புப் போட்ட கஞ்சியோ, எது அவனுக்கு இறங்குமோ அது.

எல்லாருக்கும் இரண்டு போத்தல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் என்ன என்று நான் ஒருநாள் கேட்டேன். இவ்வளவு பேரை ஏற்றி இறக்கி என் முழங்கால் முறையிட்டுக்கொண்டிருந்த நேரம். டொக்டர் சிரித்தார். ஒரே அளவில் எல்லாருக்கும் சட்டை தைக்கலாமா என்று கேட்டுவிட்டு, அடுத்தவனை ஏறச் சொன்னார்.

அவர் எதையும் சாப்பிட்டுப் பார்க்காமல் பேச மாட்டார். நோன்பு மாதத்தில் அவருடைய ஊர்க் கழகத்துக்கு முக்கியமான உதைபந்தாட்டப் போட்டி ஒன்று நெருங்கியிருந்தது. பயிற்றுநர் காலையில் பயிற்சி வைக்க, பிள்ளைகள் பகல் முழுக்கச் சுருண்டு கிடந்தார்கள். டொக்டர் பயிற்சியை நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் மாற்றினார். விளையாடி முடிந்த கையோடு பேரீச்சம்பழம், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், பிறகு நோன்புக் கஞ்சி. தாகத்தோடு கிடக்கும் நேரம் குறைந்தது. யாரோ ஒரு புரவலர் அந்தக் கழகத்துக்குப் புரதத் தூள் டின்கள் அனுப்பியிருந்தார். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டின்னின் சின்ன எழுத்துகளை முழுவதும் வாசித்தார். நோன்பு திறந்த பின் ஒரு கரண்டி கரைத்துக் குடித்தார். முகம் கோணியது. அது கெட்ட சாமான் இல்லை, ஆனால் அதில் இருப்பது ஒன்றுதான் என்றார். கஞ்சியில் அரிசி, பருப்பு, இறைச்சி, தேங்காய்ப்பால், உப்பு, தண்ணீர் எல்லாம் ஒரே கோப்பையில் இருக்கின்றன என்றும், டின்னை வைத்திருந்து கஞ்சி இல்லாத மாதத்தில் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்த மாதம் விளையாடியவர்களை விடக் கூடுதலாகக் கஞ்சி குடித்தவன் நான்தான். தராசு அதையும் சொன்னது.

இன்னொரு நாள் வாகரைப் பக்கத்துப் பையன் ஒருவன் நெஞ்சு படபடக்க வந்தான். நகரத்தில் கடையொன்றில் வேலை, பின்னேரம் ஜிம். பெயர் ஒட்டாத போத்தலில் யாரோ கொடுத்த குளிசைகளைப் போட்டிருந்தான். டொக்டர் ஏசவில்லை. இன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். காலையிலிருந்து குளிசையும் பால் விடாத கோப்பியும்தான். கடற்கரையில் பிறந்த பையன் மீனைக் கண்டு கிழமைக் கணக்காகியிருந்தது. படபடப்பு அடங்கும் வரை படுக்க வைத்துப் பார்த்தோம். போகும்போது மருந்துச் சீட்டில் முட்டை, கௌபிப் பயறு, கீரி மீன், எருமைத் தயிர், சோறு என்று எழுதிக் கொடுத்தார். அவன் அதைக் கொண்டுபோய் மருந்தகத்தில் நீட்டியிருக்கிறான். அதற்காக எனக்கு வந்த தொலைபேசி அழைப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

டொக்டர் டின்னுக்கும் குளிசைக்கும் எதிரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாடசாலை ஓட்டக்காரிகளின் இரத்தத்தைச் சோதித்து, இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் குளிசை கொடுத்து, அவர்கள் முகத்தில் நிறம் திரும்பியதைப் பார்த்துப் பூரித்தவர் அவர். "தேவை எண்டு இரத்தம் சொன்னாக் குடுப்பம் அண்ணன், விளம்பரம் சொன்னாக் குடுக்க மாட்டம்" என்பார்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் பிரிவில் இருந்த ஒரு வருடம், மரதன் கல்லடியில் தொடங்கி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே தெற்கே போய், செட்டிபாளையத்தில் திரும்பி மீண்டும் கல்லடிக்கே வந்து முடிவதாக ஏற்பாடு. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் யாத்திரிகர்கள் அந்த வீதியால் நடக்கிற காலம் அது. வழி முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், தேசிக்காய்த் தண்ணீர், சர்பத், வெறும் தண்ணீர் என்று செம்பும் கையுமாக ஊர்ச் சனம் நிற்கும். பந்தலில் தருவதை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எங்களிடம் இல்லை. வேண்டுமா என்று கேட்கும் பழக்கமும் இல்லை. நீட்டுவார்கள், வாங்கிக் குடிக்க வேண்டும். மறுத்தால் தருபவரின் முகம் வாடிவிடும்.

ஏற்பாட்டுக் குழுவினருக்கு மெத்தச் சந்தோஷம். பந்தல்கள் இருப்பதால் தண்ணீர் வைக்கும் செலவு மிச்சம் என்றார்கள். டொக்டர் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். வேகமாக ஓடுகிறவர்களுக்குக் குடிக்க நேரம் இருக்காது, ஆறுதலாக வருபவர்கள்தான் பந்தலுக்குப் பந்தல் குடிப்பார்கள், வியர்த்ததை விடக் கூடக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து மூளை வீங்கிவிடும், ஆகவே வேண்டாம் என்று சொல்லலாம் என்பதை ஓட்டக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றார். குழுத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தண்ணி கூடக் குடிச்சு ஆரும் செத்திருக்காங்களா டொக்டர்?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் டொக்டர்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாங்கள் எல்லாரும் பாடசாலையில் கொப்பி நிறைய எழுதியவர்கள்தான். ஆனால் அமிர்தத்தை யார் கண்டார்கள். தண்ணீரை அந்தக் கணக்கில் நாங்கள் சேர்ப்பதில்லை. ஒலிபெருக்கியில் ஒரு தரம் சொன்னார்கள். நாதஸ்வரச் சத்தத்தில் அது போய்விட்டது.

டொக்டர் தன் பங்குக்கு இரண்டு காரியம் செய்தார். நெல் தராசைக் கல்லடிக்குக் கொண்டுவரச் செய்து, ஓடப் போகும் ஒவ்வொருவரையும் நிறுத்து, அவரவர் நெஞ்சில் குத்தும் இலக்கத் துணியின் பின்பக்கத்தில் நிறையை எழுத வைத்தார். மற்றது, மூன்று வீத சேலைன் பைகளை முதலுதவிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். வழக்கமாக ஏற்றுகிற சேலைனை விடச் செறிவான உப்பு நீர் அது. எதற்கு என்று கேட்டேன். தேவைப்படாமல் திருப்பிக் கொண்டுபோனால் சந்தோஷம் என்றார்.

அன்று காலை நான் நிறுத்தவர்களில் ஒருவர் செட்டிபாளையம் பரமேஸ்வரி டீச்சர். முன்பள்ளி ஆசிரியை, நாற்பது வயது இருக்கும். சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, நடங்கள் என்று கிளினிக்கில் சொன்னதற்காக நடக்கத் தொடங்கியவர், நடை போதாமல் ஓடத் தொடங்கிவிட்டார். கணவர் கனகசபை வாவியில் மீன் பிடிப்பவர். அவருக்கு மனைவி ஓடுவதில் உள்ளூரப் பெருமை. அவருடைய தாய் பூமணி அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற பெண் காற்சட்டை போட்டுக்கொண்டு ரோட்டால் ஓடுவதா என்று, மருமகளோடு முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டிருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வருடத்துக்கு மேலாக இந்த மௌனம்.

டீச்சர் தராசில் ஏறும்போது கையில் ஒரு தங்கக் காப்பு லூசாக ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடலாமே என்றேன். மாமி கலியாணத்துக்குப் போட்டது, கழற்ற மாட்டேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"இண்டைக்கு மாமி திரும்புற இடத்துப் பந்தலில நிக்கிறா சேர். நான் அதால போகக்குள்ள முகத்தத் திருப்பாம நிண்டாக் காணும், எனக்கு வேற மெடல் வேணாம்."

வேகமானவர்கள் வெயில் ஏறுமுன் முடித்துவிட்டார்கள். சிலருக்குக் கால் பிடித்தது, சிலருக்குத் தலை சுற்றியது. காலைத் தூக்கி வைத்துப் படுக்கவிட்டதும் எழும்பிப் போனார்கள். நண்பகலுக்குக் கிட்ட, கடைசியாக வருபவர்களுக்குக் கைதட்டவென்று கொஞ்சச் சனம் மட்டும் நின்றது. அப்போது பரமேஸ்வரி டீச்சர் வந்தார். நடந்துதான் வந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டினார். கனகசபை ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். டீச்சர் அவரைப் பார்த்து, வாழைச்சேனை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கனகசபை பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அடுத்த கணம் டீச்சர் குந்தியிருந்து வாந்தி எடுத்தார். வந்ததெல்லாம் தெளிந்த தண்ணீர்.

நானும் டொக்டரும் அப்போது மைதானத்தின் மறுகரையில், கால் பிடித்த ஒருவரோடு நின்றோம். நாங்கள் கூடாரத்துக்கு வருவதற்குள் முதலுதவிப் பிள்ளைகள் டீச்சரைப் படுக்க வைத்து, வழக்கமான சேலைனை ஏற்றி, வேகமாக விட்டிருந்தார்கள். வெயிலில் விழுந்தவருக்கு யாரும் செய்வது அதுதான். கனகசபை தன் பங்குக்கு ஒரு போத்தலை மனைவியின் வாயில் சரித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் வந்ததும் முதலில் அந்தப் போத்தலை மெதுவாக வாங்கி என் கையில் தந்தார். ஆபத்து கூடக் கூட அவருடைய குரல் இறங்கும். எங்களோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், டொக்டர் கிசுகிசுத்தால் ஓட வேண்டும். அன்று அவர் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே அரைவாசிதான் கேட்டது. நாக்கைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. வெப்பம் பார்க்கச் சொன்னார். கூடியிருந்தது, ஆனால் வெயில் அடித்து மயங்கியவருக்கு இருக்கும் அளவுக்கு இல்லை. விரலில் குத்திச் சீனி பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு டீச்சரின் கையைத் தூக்கினார். காலையில் ஆடிக்கொண்டிருந்த காப்பு அசையவில்லை. சதை அதன் இரு பக்கமும் பிதுங்கி நின்றது. டொக்டர் அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, தராசைக் கொண்டுவரச் சொன்னார்.

இலக்கத் துணியைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கனகசபையைக் கூப்பிட்டு, மனைவியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறுங்கள் என்றார். அந்த மனிதர் மனைவிக்கு முன்னால் மறித்து நின்றார்.

"ஆள் சாகக் கிடக்கிறா. நெல்லு மூட்டையா நிறுக்கிறத்துக்கு?"

சுற்றி நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். குழுத் தலைவர் வந்து, ஆளை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், இந்த விளையாட்டை விடுங்கள் என்று சத்தம் போட்டார். ஆம்புலன்ஸ் முன்னே வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது, திரும்பி வந்துகொண்டிருந்தது. டொக்டர் தலைவரைப் பார்க்கவே இல்லை. கனகசபையின் முழங்கையைப் பிடித்தார்.

"தண்ணி குறைஞ்சு விழுந்தாவா, கூடி விழுந்தாவா எண்டு எனக்குத் தெரிய வேணும். ரெண்டுக்கும் மருந்து வேற வேற. பிழையான மருந்தக் குடுத்தா நான்தான் அவவக் கொல்லுற. இந்தத் தராசு சொல்லும். தூக்குங்க."

கனகசபை தூக்கினார். வலை இழுத்துப் பழகிய கைகளில் மனைவியை ஏந்திக்கொண்டு தராசில் ஏறினார். சேலைன் போத்தலை உயர்த்திப் பிடித்தபடி நான் தராசைத் தொடாமல் பக்கத்தில் நின்றேன். இருவரும் சேர்ந்த நிறையைப் பார்த்தோம். டீச்சரைக் கட்டிலில் வளர்த்திவிட்டு, கனகசபையைத் தனியாக நிறுத்தோம். கழித்துப் பார்த்தால், அதுவரை ஏறிய சேலைனை விட்டாலும், அவ்வளவு தூரம் வெயிலில் ஓடி வியர்த்த பெண் காலையில் இருந்ததை விட ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருந்தார். அளவாகக் குடித்து ஓடிய எவரும் கூடி வருவதில்லை.

டொக்டர் சேலைன் குழாயைத் தன் கையாலேயே பூட்டினார். மயங்கிய ஆளுக்குச் சேலைனை நிறுத்தி ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று தலைவர் கேட்டார். நான்தான் என்றார் டொக்டர். அதைச் சொல்லி முடிக்குமுன் டீச்சருக்கு வலிப்பு வந்தது.

எத்தனையோ வலிப்பை வாட்டில் பார்த்தவன் நான். ஆனால் சுற்றிவரச் சனம் நிற்க, புருஷன் காலடியில் இருந்து கதற, கொடுத்துக்கொண்டிருந்த மருந்தையும் நிறுத்திவிட்டு நின்ற அந்தக் கணத்தில் எனக்கு டொக்டரின் வாயைப் பார்க்க மட்டுமே தெரிந்தது. டொக்டர் டீச்சரை ஒருக்களித்துப் பிடித்து, மூன்று வீத சேலைன் என்று உதட்டை அசைத்தார். நான் கொண்டுவந்த பையை ஏற்றினார். கனகசபையிடம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார். ஒரு வேலையைக் கொடுத்ததும் அந்த மனிதர் கதறுவதை நிறுத்தினார். என்ன ஏற்றுகிறோம், ஏன் ஏற்றுகிறோம் என்று டொக்டர் சுற்றி நின்ற சனத்துக்கும் இரண்டு வார்த்தை சொன்னார். இதைப் பதறாமல் சொல்வதற்கு என்ன நெஞ்சு வேண்டும்.

முதல் பை முடிய வலிப்பு தளர்ந்தது. இரண்டாவது பை பாதியில் இருக்கும்போது கண் திறந்தது, ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. கனகசபை பரமு, பரமு என்று கூப்பிட்டபடியே இருந்தார். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றும்போது டீச்சர் முகத்தைத் திருப்பி, "என்ன கத்துறீங்க" என்றார்.

கனகசபை அழுதார். நானும் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை. டொக்டர் அழவில்லை. வெறும் பைகளை எடுத்து ஒழுங்காகப் பெட்டியில் வைத்தார். ஆம்புலன்ஸில் ஏறும்போது படியில் கால் தவறியது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். சோடியம் கீழே விழுந்திருந்தது. அந்தச் சாதாரண சேலைனை முழுதும் விட்டிருந்தால் கதை வேறு என்று பெரிய டொக்டரே சொன்னார்.

அடுத்த நாள் டீச்சர் எழும்பி இருந்து, வழியில் குடித்ததைச் சொன்னார். கேட்கச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மச்சாள் ஒரு பந்தலில் மோர் கொடுத்தாராம். முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் இன்னொன்றில் நின்று, எங்கட டீச்சர் என்று ஆளுக்கொரு கோப்பை நீட்டினார்களாம். ஒருவரிடம் குடித்துவிட்டு மற்றவரிடம் குடிக்காமல் போனால் நாளை எப்படி முகம் பார்ப்பது. திரும்பும் இடத்தில் பூமணி அம்மா பந்தலை விட்டு இறங்கி ரோட்டுக்கே வந்து நின்றாராம். ஒரு சொல் பேசவில்லை. செம்பை நீட்டினார். டீச்சர் குடித்தார். மறுபடி நிரப்பி நீட்டினார். அதையும் குடித்தார்.

"மூணாந்தரமும் தந்தா சேர். வயிறு முட்டிப்போய்த் தலையும் இடிக்கத் தொடங்கிற்று. ஆனா ஒரு வருசத்துக்குப் பிறகு என்ர முகத்தப் பாத்துத் தாறா. எப்பிடி வேணாமெண்ணுற?"

அன்று பின்னேரம் பூமணி அம்மா வந்தார். வாட்டுக்குள் வராமல் கதவடியில் நின்றார். யாரோ வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறார்கள். டொக்டர் வெளியே வந்ததும் நேராகக் கேட்டார்.

"புள்ள, நான் குடுத்த தண்ணியாலயா?"

நானாக இருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அங்கே நின்ற எல்லாரும் அதைத்தான் சொல்லியிருப்போம். டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம் அம்மா, உங்கட தண்ணியும் சேர்ந்துதான். வழி முழுக்க எல்லாரும் நல்ல மனசோடதான் குடுத்தாங்க. உடம்புக்கு மனசு தெரியாது, அளவுதான் தெரியும்." பூமணி அம்மாவின் தலை குனிந்தது. டொக்டர் கையை விடவில்லை. "ஆனா உங்கட கையால அவ குடிச்சது தாகத்துக்கு இல்ல. ஏன் குடிச்சா எண்டு அவக்கிட்டயே கேளுங்க."

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்க் கட்டிலருகே இருக்க வைத்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டு என்னையும் வெளியே வரச் சொன்னார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. டொக்டரும் கேட்டதில்லை. என் உத்தியோகத்தில் எத்தனையோ கெட்டிக்கார டொக்டர்மாரைப் பார்த்திருக்கிறேன். உண்மையையும் சொல்லி, கேட்டவரையும் கைவிடாதவரை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த வருடம் ஓட்டத்துக்கு முன்னால் டொக்டர் பந்தல் போடும் ஊர்களுக்கெல்லாம் போனார். நானும் கூடப் போனேன். பந்தலை நிறுத்துங்கள் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. யாத்திரிகருக்கு எப்போதும் போல் கொடுங்கள், ஓட்டக்காரருக்கு மட்டும் தாகமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றார். அந்த ஒரு வார்த்தைக்குப் பெரிய எதிர்ப்பு. கேட்டுக் கொடுப்பது தர்மமா, வந்தவரை அவமதிப்பதல்லவா என்று செட்டிபாளையத்தில் பெரியவர்கள் எழும்பினார்கள். கூட்டத்தின் பின்னாலிருந்து பூமணி அம்மாதான் எழுந்து நின்றார். கேளாமல் கொடுத்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றவள் நான், நீங்கள் அங்கே நின்று பார்த்திருந்தால் கேட்டிருப்பீர்கள் என்றார். எழும்பிய பெரியவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள்.

தங்கைச்சி, நீ கேட்டதற்குப் பதில் இதற்குள் இருக்கிறது. வந்த பானப் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீண்ட தூரம் ஓடுகிறவர்களில் உப்பு நிறையச் சிந்துகிறவர்களுக்கு அது உதவும். ஆனால் பானத்திலும் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதை மறக்காதே. உப்பு வில்லை போட்டுக்கொண்டால் எவ்வளவும் குடிக்கலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. முதலில் நிறு. விழுந்தவரை எடுத்த எடுப்பில் சேலைனோடு கட்டாதே, நாக்கைப் பார், கை வீங்கியிருக்கிறதா என்று பார், நிறையைப் பார். டொக்டர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார், தராசு உங்களிடம்தான் இருக்கிறது.

அந்த அடுத்த வருட ஓட்டத்தில் பரமேஸ்வரி டீச்சர் மறுபடியும் ஓடினார். டொக்டர் பல தரம் சோதித்துவிட்டுத்தான் சம்மதித்தார். நாங்கள் இருவரும் வாகனத்தில் பின்னால் போனோம். திரும்பும் இடத்தில் பூமணி அம்மா சென்ற வருடம் நின்ற அதே இடத்தில், செம்போடு ரோட்டுக்கு வந்து நின்றார். டீச்சரின் கால் தானாகவே நின்றுவிட்டது. கையும் பாதி நீண்டது. டொக்டர் வாகனத்தின் கதவில் கை வைத்தார், ஆனால் திறக்கவில்லை.

"தாகமா புள்ள?" என்று கேட்டார் பூமணி அம்மா.

டீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "இல்ல மாமி" என்றார்.

"அப்ப என்னத்துக்கு நிக்கிறாய்? ஓடு."

டீச்சர் திரும்பி ஓடினார். பூமணி அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு, மருமகள் வளைவில் மறையும் வரை நடு ரோட்டில் நின்றார். பின்னால் வந்த எங்களுக்கு வழி விட வேண்டும் என்பது அவருக்கு நினைவே இல்லை. நாங்களும் ஹோர்ன் அடிக்கவில்லை.